படகுக்குப் பாட்டுப் பெட்டி: வாட்டைப் பார்ப்பதா, பேட்டரியைப் பார்ப்பதா?

கடற்கரை ஊர்களில் மளிகைக்கடை என்பது அரிசி, பருப்போடு முடிவதில்லை என்பதை வணிகப் பெருமக்கள் அறிவீர்கள். தங்குகடலுக்குப் போகும் படகுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் கடையிலேயே கயிறு, டார்ச் லைட், பேட்டரித் தண்ணீர், ஃபியூஸ், பல்பு எல்லாம் கேட்பார்கள். "இல்லை" என்று சொன்னால் அடுத்த தடவை அரிசியும் பக்கத்துக் கடையில்தான். இப்படி ஒவ்வொன்றாக வாங்கி வைத்ததில் கடைசியாக எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது பாட்டுப் பெட்டி. சப்ஊஃபரும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த சிறிய பெட்டி. சுற்றுலாப் படகு வைத்திருப்பவர்களும் இதையே கேட்கிறார்கள்.

இந்தச் சரக்கைப் பற்றி நாங்கள் பாடம் படித்தது ஒரு வாடிக்கையாளரை இழக்கப் பார்த்த பிறகுதான். செவுள்வலைப் படகு வைத்திருக்கும் ஒருவர், பத்து வருஷமாக எங்களிடம் கணக்கு வைத்திருப்பவர், அட்டையில் 1000 வாட்ஸ் என்று அச்சடித்த பெட்டி ஒன்றை எங்களிடம் வாங்கிப் போனார். நாலாம் நாள் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணாச்சி, உங்க ஆயிரம் வாட்ஸு எங்களை நடுக்கடல்ல நிறுத்திடுச்சு. இதுக்குப் பணமும் கிடையாது, பழைய பாக்கியும் இப்போ கிடையாது" என்றார்.

நடந்தது இதுதான். செவுள்வலைக்காரர்கள் சாயங்காலம் வலையை விட்டுவிட்டு, டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை நிறுத்தி, விடியும்வரை மிதந்துகொண்டு கிடப்பார்கள். அந்த நேரம்தான் பாட்டுக்கு நேரம். விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், பாட்டுப் பெட்டி எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடின. விடியற்காலை வலையை வாங்க இன்ஜினை அடித்தால் ஸ்டார்ட்டர் "டிக்" என்று ஒரு சத்தம் போட்டதோடு சரி. பக்கத்தில் இருந்த படகு கயிறு போட்டு இழுத்து வந்தது. வலையில் விழுந்த மீன் பாதி கெட்டது, இழுத்த படகுக்கு டீசல் காசு, அன்றைய தொழில் போனது. காற்றடிக்கிற நாளாக இருந்திருந்தால் நஷ்டம் காசோடு நின்றிருக்காது.

பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். பின்புறம் இருந்த ஃபியூஸ் 10 ஆம்பியர். அன்றைக்குத்தான் எங்களுக்குக் கண் திறந்தது.

மொத்த எடையும் நிகர எடையும்

நமக்குத் தெரிந்த கணக்கிலேயே வருவோம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகத் தொடர்ந்து போகக்கூடியது 120 வாட். அதிலும் பாதி உள்ளேயே சூடாகிப் போனால் ஸ்பீக்கருக்கு 60 வாட். அட்டையில் 1000. சாக்குப்பை, சணல் கயிறு, தரையில் சிந்தினது எல்லாவற்றையும் சேர்த்து எடை போட்டாலும் இந்த வித்தியாசம் வராது!

நாம் விற்கும் மிளகாய்த்தூள் பாக்கெட்டில் நிகர எடை போடாவிட்டால் அதிகாரி வந்து நிற்பார். பாட்டுப் பெட்டிக்கு அந்தத் தொல்லை இல்லாததால் அவரவர் மனம்போல் எண்ணைப் போடுகிறார்கள். 'பி.எம்.பி.ஓ.' என்றும் 'மேக்ஸ்' என்றும் 'பீக்' என்றும் போட்டிருப்பது எல்லாம் மொத்த எடைகூட இல்லை, வெறும் மேல்வாய்ப் பேச்சு. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதே நிகர எடை. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி. வண்டி, படகு ஆம்ப்ளிஃபயர்களுக்காக அமெரிக்காவில் 2003ல் சி.இ.ஏ. 2006 என்று ஒரு அளவுமுறை வந்தது, இப்போது சி.டி.ஏ. 2006 என்கிறார்கள். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் எண்ணை நம்பலாம்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த அளவு எடுப்பது 14.4 வோல்ட்டில். அதாவது இன்ஜின் ஓடி, டைனமோ சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும் நிலையில். நம் படகுக்காரர் பாட்டுக் கேட்பது இன்ஜினை நிறுத்திவிட்டு. அப்போது பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தால் பெரிது. சாதாரண ஆம்ப்ளிஃபயர் அந்த வோல்ட்டில் முக்கால் பங்குதான் கொடுக்கும். 200 வாட் என்று வாங்கியது 150 ஆகிவிடும். இதைச் சொல்லி விற்றால் பிற்பாடு சண்டை இல்லை.

வாட்டை இரட்டிப்பாக்கினால் சத்தமும் இரண்டு மடங்காகும் என்று நினைப்பதும் தவறு. 100 வாட்டை 200 ஆக்கினால் ஏறுவது 3 டெசிபல். "கொஞ்சம் கூடியிருக்கிறதோ" என்று காது சந்தேகப்படும் அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஆனால் ஸ்பீக்கரின் அட்டையில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்பது அது. 86 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 89 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்தால் ஆம்ப்ளிஃபயரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். பேட்டரிக்கு ஒரு ஆம்பியர்கூடக் கூடுதல் செலவில்லை. கொள்முதல் செய்யும்போது நாங்கள் இப்போது முதலில் பார்ப்பது இந்த எண்ணைத்தான். இதைக் கேட்கும் வாடிக்கையாளர் இன்றுவரை ஒருவரும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பேட்டரியே கல்லாப்பெட்டி

பத்து, பதினைந்து மீட்டர் நீளப் படகு ஒன்றுக்கு என்ன வேண்டும்? ஆறரை அங்குல ஸ்பீக்கர் இரண்டு, எட்டு அங்குல சப்ஊஃபர் ஒன்று, நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. இரண்டு சேனல் ஸ்பீக்கர்களுக்கு, ஆளுக்கு 50 வாட். மீதி இரண்டை ஒன்றாக இணைத்து சப்ஊஃபருக்கு 150 வாட். மொத்தம் 250 வாட் ஆர்.எம்.எஸ். இதற்கு மேல் கேட்பவர்களுக்குப் பாட்டைவிடப் பக்கத்துப் படகுக்காரர்மேல் கண் என்று அர்த்தம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆம்ப்ளிஃபயரில் முக்கியமாக இரண்டு ஜாதி உண்டு. பழைய முறை 'ஏபி' கிளாஸ். குழாயைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டே நிற்பதுபோல் வேலை செய்யும், வாங்கும் மின்சாரத்தில் முழு வேகத்திலும் பாதிவரை சூடாகிவிடக்கூடும். புதிய முறை 'டி' கிளாஸ். ஒரு வினாடிக்குள் லட்சக்கணக்கான தடவை முழுசாகத் திறந்து முழுசாக மூடும், நூற்றுக்கு எண்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். 250 வாட் கொடுக்க 'டி' கிளாஸ் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 26 ஆம்பியர் இழுக்கும். 'ஏபி' 42 ஆம்பியர் இழுக்கும். பாட்டு எப்போதும் உச்சத்தில் ஓடுவதில்லை, சராசரி கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் 'டி'க்கு ஆறரை ஆம்பியர், 'ஏபி'க்குப் பத்தரைக்குக் குறையாது. ஆறு மணி நேரம் பாட்டு என்றால் முன்னதற்கு 39 ஏ.எச்., பின்னதற்கு 63 ஏ.எச்.

100 ஏ.எச். பேட்டரியில் 100ம் எடுக்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஈயப் பேட்டரியில் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரமே ஆயுள் போகும். ஆக, கையில் இருப்பது 50. 'டி' கிளாஸ் அதற்குள் அடங்குகிறது, 'ஏபி' அடங்கவில்லை. பெட்டி சிறிதாக இருப்பதும் சூடு குறைவதும் கூடுதல் லாபம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் படகுக்கு 'டி' கிளாஸ்தான்.

ஆனால் எங்கள் வாடிக்கையாளரின் படகை நிறுத்தியது ஆம்ப்ளிஃபயரின் ஜாதி அல்ல. அந்த 60 வாட் பெட்டி மணிக்கு மூன்று, நாலு ஆம்பியருக்குமேல் எடுத்திருக்காது. இரவு முழுக்க அது, அதோடு விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், பேட்டரியும் மூன்று வருஷப் பழசு. எல்லாம் சேர்ந்து இன்ஜினை அடிக்கும் பேட்டரியைக் காலி செய்துவிட்டன. கல்லாவில் நாளைக் கொள்முதலுக்கு வைத்த பணத்தை எடுத்து இன்றைக்குச் செலவு செய்த கதைதான். எவ்வளவு நல்ல பெட்டியை விற்றாலும் பேட்டரி ஒன்றாக இருக்கும்வரை இது நடக்கும்.

ஆகவே இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்கு வேறு பேட்டரி. இன்ஜின் பேட்டரி ஒரே மூச்சில் நிறையக் கொடுப்பதற்காகச் செய்தது. மெல்ல மெல்ல இறக்கினால் சீக்கிரம் கெடும். பாட்டுக்கு ஆழமாக இறக்கி ஏற்றத் தோதான வகை வேண்டும். வீட்டு இன்வெர்ட்டருக்கு விற்கும் டியூபுலர் பேட்டரி இந்த ஜாதி. உயரம் அதிகம், அமிலம் தளும்பும் என்பதால் பெட்டிக்குள் வைத்து வாரால் இறுகக் கட்ட வேண்டும். காற்றுப் போக வழியும் விட வேண்டும், ஏனெனில் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். இரண்டு பேட்டரியும் ஒரே டைனமோவில் சார்ஜ் ஏற, நடுவில் 'வோல்டேஜ் ரிலே' ஒன்று போடுவார்கள். இன்ஜின் ஓடி வோல்ட் ஏறினால் இரண்டையும் சேர்க்கும். இறங்கினால் தானே பிரித்துவிடும். கையால் திருப்பும் சுவிட்ச் மலிவுதான். திருப்ப மறந்தால் பழைய கதை.

24 வோல்ட் படகுக்காரர் வந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகச் சேர்த்திருப்பார்கள். "ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் எடுத்து 12 வோல்ட் செட்டைப் போட்டுவிடலாம்" என்று மெக்கானிக் சொல்வார். செட் பாடும், ஆனால் ஒரு பேட்டரி தினம் குறைச் சார்ஜில், மற்றது அதிகச் சார்ஜில் கிடந்து இரண்டும் கெடும். 24ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். அதன் ஆம்பியர், ஆம்ப்ளிஃபயர் ஃபியூஸின் ஆம்பியருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஒயரில் போகும் நஷ்டம்

பெட்டிக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர் ஒயருக்கு இருநூறு ரூபாய் என்றால் பேரம் பேசுவார். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயர் நாலு மீட்டர் தூரம் என்றால் போக வர எட்டு மீட்டர் ஒயர். வீட்டு பிளக் பாயிண்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 26 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.4 வோல்ட் காணாமல் போகும். 16 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 0.2 வோல்ட்தான் போகும். மெல்லிய ஒயர் சூடாகும் என்பது தனி ஆபத்து.

ஒயரில் கலப்படமும் உண்டு. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ஒயரை, வண்டிக்கு ஒயரிங் கிட் என்று விலை குறைத்துத் தள்ளுகிறார்கள். மின்சாரம் கடத்துவதில் அது செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். உப்புக்காற்றில் சீக்கிரம் பொடிந்துபோகும். கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தராசில் வைத்தாலும் தெரியும், நம்மிடம் இல்லாத தராசா! படகுக்கு உத்தமமானது ஈயம் பூசிய செம்பு ஒயர்.

பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். அமெரிக்கப் படகுக் கட்டுமான விதி 7 அங்குலத்துக்குள் என்கிறது. நம் கணக்கில் ஒரு சாணுக்கும் குறைவு. ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைத்தான் காக்கும். நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் படகைக் காப்பது இந்த ஃபியூஸ்.

திறந்த கடலில் பேஸ் எங்கே போகிறது?

"காரில் இதே பெட்டி நெஞ்சை அதிர வைக்கிறது, படகில் வைத்தால் ஒன்றுமில்லையே" என்ற புகார் எங்களுக்கு வந்ததுண்டு. பெட்டியில் குறை இல்லை. கார் என்பது அடைத்த சின்ன அறை. அதற்குள் பேஸ் தானே பெருகும். 50 ஹெர்ட்ஸ் பேஸின் ஒரு அலை ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளம். திறந்த படகில் அதைத் தடுத்து நிறுத்தச் சுவர் ஏது? ஆகவே சீட்டுக்கு அடியில் வைக்கும் தட்டையான சப்ஊஃபர், ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே அமைந்தது, வீல் ஹவுஸ் உள்ளே வைத்தால் நன்றாகவே வேலை செய்யும். திறந்த தளத்துக்குக் கேட்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவருக்கு மூடிய பெட்டியில் அமைந்த பத்து அங்குலமே பொருத்தம். அதையும் தளத்தின் மூலையில், இரண்டு பலகை சேரும் இடத்தில் வைத்தால் கொஞ்சம் கூடக் கேட்கும்.

சிறிய ஸ்பீக்கர்களுக்குப் பேஸ் போகாமல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயரில் அதற்குத் திருகு இருக்கிறது. இதைச் செய்தாலே அவை தெளிவாகப் பாடும், அதிக நாளும் வரும். இணைத்த சேனலில் 4 ஓம் சப்ஊஃபர் போடலாம். 2 ஓம் போட்டால் பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர் தாங்காது.

உப்பைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. காகிதக் கூம்பு ஒரு மழைக்காலம் தாண்டாது. எம்.டி.எஃப். பலகைப் பெட்டி உப்புக்காற்றில் ஊதிப்போகும். பிளாஸ்டிக் கூம்பு, ரப்பர் விளிம்பு, மரைன் பிளைவுட் அல்லது ஃபைபர் பெட்டி, துருப்பிடிக்காத திருகு என்று பார்த்து எடுக்க வேண்டும். 'வாட்டர் புரூஃப்' என்ற சொல்லுக்கு மதிப்பில்லை. ஐ.பி.எக்ஸ். 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும், ஐ.பி.எக்ஸ். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். எண் இல்லாத 'வாட்டர் புரூஃப்' என்றால் வீல் ஹவுஸுக்கு வெளியே வைக்கக் கொடுக்காதீர்கள்.

திசைகாட்டியும் வயர்லெஸும்

பலரும் மறக்கும் இடம் இது. சப்ஊஃபருக்குள் இருப்பது கனமான காந்தம். வீல் ஹவுஸில் இடம் இருக்கிறதே என்று திசைகாட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் முள் திரும்பிவிடும். ஜி.பி.எஸ். இருக்கும்வரை தெரியாது, அது நின்றுபோன இரவில்தான் தெரியும். பொருத்துவதற்கு முன் ஒருவர் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர் ஸ்பீக்கரை மெல்லக் கொண்டுவரட்டும். முள் அசையும் தூரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு அப்பால் வைக்க வேண்டும். ஒயர் அந்தப் பக்கம் போனால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் முறுக்கிச் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

'டி' கிளாஸில் ஒரு குறையும் உண்டு. மட்டமான தயாரிப்பாக இருந்தால் வயர்லெஸில் இரைச்சலைக் கிளப்பும். ஆபத்துக் கால அழைப்புக்கு உலகம் முழுக்க வைத்திருக்கும் வி.எச்.எஃப். 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், அதில் வைத்து, இரைச்சல் அடங்கும் அளவுக்குத் திருகை வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பாருங்கள். வயர்லெஸ் தானாக இரைய ஆரம்பித்தால் அந்த ஆம்ப்ளிஃபயர் படகுக்கு ஆகாது. பாட்டுச் சத்தத்தில் அழைப்பே காதில் விழாமல் போவது அதைவிட மோசம். சத்தத்தைக் குறைக்கும் திருகு வயர்லெஸ் பார்ப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துகிறோம்.

நிற்க. விற்பவரின் பொறுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், தயாரிப்பாளர் யாரென்று தெரியாத சரக்கை விற்றாலும், தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்தாலும், அந்தச் சரக்கால் தீங்கு வந்தால் விற்றவரே பொறுப்பேற்க நேரிடும். பெயரில்லாத பெட்டியை விற்று, பில்லில் "1000 வாட் கியாரண்டி" என்று எழுதிக் கொடுப்பது கையை நாமே நீட்டிக் கொடுப்பதாகும். இப்போது நாங்கள் பில்லில் ஆர்.எம்.எஸ். வாட், ஃபியூஸ் ஆம்பியர் இரண்டையும் எழுதுகிறோம்.

சரக்கு பிடிக்கும் காலத்தையும் சொல்லிவிடுகிறோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். 2017 முதல் 61 நாள். படகு கரையேறி மராமத்து நடப்பது அப்போதுதான். ஒயரிங் மாற்ற வேண்டுமானாலும் அதுதான் சமயம். பெட்டிகளை அடுக்கி முதலை முடக்காமல் மாதிரிக்கு இரண்டு வைத்தால் போதும். ஒயர், ஃபியூஸ், டெர்மினல், பேட்டரிப் பெட்டி ஆகியவை வருஷம் முழுக்க ஓடும், லாபமும் அதில்தான்.

இரண்டாவது பேட்டரி என்றவுடன் "விற்பதற்காகச் சொல்கிறார்கள்" என்று வாடிக்கையாளர் நினைப்பார். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். அவர் படகின் விளக்கு, ஜி.பி.எஸ்., பாட்டு எல்லாவற்றின் ஆம்பியரையும் ஒரு துண்டுச் சீட்டில் அவரையே எழுதச் சொல்லி, மணி நேரத்தால் பெருக்கிக் காட்டினால் வாதம் அதோடு முடியும்.

மேற்படி வாடிக்கையாளரிடமும் அதைத்தான் செய்தோம். அடுத்த தடைக்காலத்தில் தனிப் பேட்டரி, ரிலே, 16 சதுர மில்லிமீட்டர் ஒயர், 'டி' கிளாஸ் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போட்டு, படகு கடலுக்குப் போகுமுன் துறையில் கட்டிவைத்து, இன்ஜினை நிறுத்தி, ஆறு மணி நேரம் பாட்டுப் போட்டுப் பார்த்தோம். நிறுத்தி அரை மணி கழித்து மீட்டரில் பார்த்தபோது பாட்டுப் பேட்டரி 12.3 வோல்ட் காட்டியது, 12.2க்குக் கீழே போயிருந்தால் பாதிக்குமேல் செலவு என்று அர்த்தம். இன்ஜின் ஒரே அடியில் கிளம்பியது. பழைய பாக்கியை அந்த வாரமே தீர்த்தார். 1000 வாட்ஸ் பெட்டியின் பணத்தை மட்டும் நாங்களே பேரேட்டில் தள்ளுபடி என்று எழுதிக்கொண்டோம். பெட்டி இன்னும் கடைப் பரண்மேல் இருக்கிறது.